காய்ந்த துணி ஒரு செட்

நெல்லிவாசல்நாடு,
கார்த்திகை 22, திங்கள்

அன்பு மகள் தேவயானிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஏழு ஆடுகளும் சௌக்கியம், புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேச வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று கத்த வேண்டும், ஊரே கேட்கும், நீயும் நடுவில் புகுந்து பேசிவிடுவாய். இதை நீ குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சாமை அறுத்தாயிற்று, இந்த முறை பரவாயில்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஒடுகத்தூர் டாக்டரிடம் போகச் சொன்னால் ஆட்டை யார் மேய்ப்பது என்கிறார், நீ ஒரு வார்த்தை அதட்டிச் சொல், நீ சொன்னால் கேட்பார்.

பங்குனியில் ஆஸ்பத்திரித் தோழிகளோடு இமயமலையில் எட்டு நாள் நடக்கப் போகிறேன் என்று சொல்லி, எடுத்துப்போகும் துணிப் பட்டியலை ஜீப் ஓட்டும் சின்னராஜ் போனுக்கு அனுப்பியிருந்தாயே, படித்துக் காட்டினான். ஜீன்ஸ் இரண்டு, தடித்த பனியன் நான்கு, தொப்பி வைத்த கம்பளிச் சட்டை போல ஒன்று, பெரிய துண்டு இரண்டு. இது நடக்கப் போகிற பையா, புகுந்த வீட்டுக்குப் போகிற பெட்டியா? ஒவ்வொன்றையும் ஒரு முறை காய்ந்தபடி நிறுத்துப் பார், பிறகு தண்ணீரில் முக்கிப் பிழிந்து இன்னொரு முறை நிறுத்துப் பார். நான் புளி நிறுக்கும் கொக்கித் தராசில் அப்படித்தான் பார்த்தேன். நீ விட்டுப்போன பழைய ஜீன்ஸ் காய்ந்தபோது முக்கால் கிலோ, நனைந்தபோது ஒன்றரைக்கு மேல். என் பழைய நைலக்ஸ் புடவை காய்ந்தபோது முந்நூற்றைம்பது கிராம், நனைந்து பிழிந்தபோது நானூற்றைம்பதுகூட இல்லை, கிளையில் போட்டால் களி கிண்டி இறக்குவதற்குள் காய்ந்துவிடும். நனைந்தால் கனக்கிற துணி எதுவும் உன் பையில் இருக்கக் கூடாது. நடக்க ஒரு செட், காய்ந்தபடி வைக்க ஒரு செட், அவ்வளவுதான். அந்தக் காய்ந்த செட்டை உர மூட்டைக்கு உள்ளே வருகிற பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டு, ராத்திரி தங்குகிற இடத்துக்குப் போய்ச் சேரும் வரை வானமே இடிந்து விழுந்தாலும் பிரிக்காதே. பனியைப் பற்றி எனக்குத் தெரியாது, அதை அந்த ஊர்க்காரர்களைக் கேள். ஈரத்தைப் பற்றி என்னைக் கேள்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், போன கார்த்திகையில் எனக்கு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். வேலூரிலிருந்து சதீஸ்குமார் என்று ஒருவன் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு அமிர்தியிலிருந்து நம் ஊர் வரை மூன்று நாள் நடை நடத்துகிறான் அல்லவா, அதற்கு வழிகாட்ட என்னைக் கூப்பிட்டான். நான் காட்டுக்குப் போனால் எப்படிப் போவேன், நைலக்ஸை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, மேலே உன் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு போவேன். அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே போயிற்றோ. பட்டணத்து ஜனம் வருகிறது, கேமரா வருகிறது, சட்டையோடு போய் நின்றால் கூலிக்காரி என்று நினைப்பார்களே என்று, நீ முதல் சம்பளத்தில் வேலூரில் வாங்கிக் கொடுத்தாயே, அரக்குக் கரை வைத்த மாம்பழக் கலர் பருத்திப் புடவை, அதைக் கட்டிக்கொண்டு போனேன். இந்த மலையில் விருந்தாளிக்கு முன்னால் நல்ல புடவையில் நிற்காத பெண் யார்? இரண்டாம் நாள் மழை பிடித்தது. ஓடையைக் கடக்கும்போது புடவை தண்ணீரைக் குடித்துக் காலைச் சுற்றிக்கொண்டது, பாறையில் நாலு காலில் தவழ்ந்துதான் கரையேறினேன். வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தேன், பிழிந்த பிறகும் இரண்டு கிலோ. அவன் என்னைத் தூக்கிவிடக் கை நீட்டவில்லை. எல்லோருக்கும் முன்னால், "பொடவ கட்டிகினு வர்றவங்கள நம்பி வந்தா இப்டிதான், நீங்க திரும்பிப் போய்டுங்கம்மா, இனிமே வழி நேர்தான்" என்றான். வழியை என்னிடம் வாங்கிக்கொண்டு, நம் ஊர் முன்னால் இருக்க, என்னை ஈரத்தோடு தனியாக அமிர்திக்கே திருப்பி அனுப்பினான். ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தேன். நான் எழுந்து உட்காருவதற்குள், நான் தவழ்ந்ததைப் பின்னாலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாட்டைச் சேர்த்து, 'எங்கள் வழிகாட்டி' என்று பெயர் போட்டு, போனில் எல்லோரும் பார்க்க விட்டிருந்தான். முப்பதாயிரம் பேர் பார்த்துச் சிரித்தார்கள் என்று சின்னராஜ் காட்டினான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன் தேவயானி. மன்னித்துவிடு என்று உன் அப்பா சொன்னார். மன்னிக்கிற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை.

இந்த வருஷமும் அவன் நடை அறிவித்தான். வழிகாட்ட ஆள் தேடிய அவன் ஆளிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சின்னராஜ் போனில் நடக்க வருகிறவளாகவே பெயர் கொடுத்தேன். வழிகாட்டி யாரும் கிடைக்காமல், போன முறை போட்டு வைத்த வரைபடம் போனில் இருக்கிறது என்று கிளம்பிவிட்டான். அமிர்தியில் ஒவ்வொருவர் பையையும் நிறுத்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் எட்டு, ஒன்பது, எனக்கு மூன்று கிலோ, அதிலும் பாதி கேழ்வரகு மாவும் வேர்க்கடலையும். சட்டையும் ஏற்றிச் செருகிய புடவையுமாக நின்ற என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "இன்னாம்மா, கோயிலுக்கா வந்துகிறீங்க?" என்று கேட்டுச் சிரித்தான். எல்லோரும் கட்டாயம் போட வேண்டும் என்று குழுவின் பெயர் எழுதிய தடித்த பருத்திப் பனியன் ஒன்று கொடுத்தான், அதைக் கையில் தூக்கிப் பார்த்ததுமே எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. நான் அதை சின்னராஜ் ஜீப்பிலேயே போட்டுவிட்டேன். பக்கத்தில் நடந்த வெண்ணிலா என்ற காலேஜ் டீச்சரிடம் மட்டும் சொல்லி, அவள் காய்ந்த செட்டைப் பிளாஸ்டிக்கில் கட்ட வைத்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் மழை வந்தது, நான் கும்பிட்ட காளியம்மன் கைவிடவில்லை. அதே ஓடை. ஜீன்ஸும் பனியனும் தொப்பிச் சட்டையுமாக இறங்கினவன் பையோடு வழுக்கி விழுந்தான், தண்ணீர் குடித்த பை அவனைப் பின்னால் இழுத்தது, நாலு காலில் தவழ்ந்துதான் அவனும் ஏறினான். நான் கரையில் நின்று நன்றாகப் பார்த்தேன். தங்குகிற பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது, அவனுக்கு உதடு கறுத்துப் பல் கிட்டியிருந்தது. பை முழுக்க ஈரம், மற்றவர்களுடையதும் ஈரம், வெண்ணிலாவின் காய்ந்த துணி அவள் உடம்பில். நான் அடுப்பு மூட்டி, என் மேல் இருந்த புடவையைக் காய வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் பையில் ஒரு செட் காய்ந்தபடி இருந்தது, அதை எடுக்கவில்லை. உலை கொதித்தது, களி கிண்டினேன், இறக்கினேன், அதுவரை எடுக்கவில்லை. இதை உனக்கு மறைக்க மாட்டேன், வேண்டுமென்றேதான் காத்திருந்தேன், அவன் வாயால் கேட்க வேண்டும் என்று. கேட்டான். "காஞ்ச துணி எதுனா இருக்குதாம்மா?" என்றான். "பொடவதான் இருக்குது, கட்டிக்கிறியா?" என்றேன். போன வருஷம் அவனிடம் 'ங்க' போட்டுப் பேசியவள், இந்த முறை போடவில்லை. அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினான். பையிலிருந்த உன் அப்பா சட்டையைக் கொடுத்து, இன்னொரு நைலக்ஸை நானே முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக் கட்டிவிட்டேன், களியும் போட்டேன், உயிர் பிழைத்தான். யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் அவ்வளவு குளிர்.

மறுநாள் விடிந்தும் வெயில் இல்லை, ஜீன்ஸ் சொட்டிக்கொண்டே இருந்தது. அவன் போனும் ஓடையில் நனைந்து செத்துவிட்டது, அதனால் வழிக்கு என்னைத்தான் பார்த்தான். நம் ஊருக்குள் வர இரண்டு வழி இருப்பது உனக்குத் தெரியும். பின்பக்கம் பலா மரங்களுக்கு நடுவே வந்தால் ஒருவர் கண்ணிலும் படாமல் ஜீப்பில் ஏறிவிடலாம். நான் ரேஷன் கடைத் தெரு வழியாகக் கூட்டி வந்தேன். அன்றைக்கு அரிசி போடும் நாள் என்று எனக்குத் தெரியும். பாஞ்சாலி, ராணியம்மாள், ஊர் மொத்தமும் பையோடு வரிசையில் நின்றிருந்தது, சின்னராஜ் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சதீஸ்குமார் புடவையில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தான், நான் முன்னால் நடந்தேன். பாஞ்சாலி மட்டும், "கட்டு நல்லாக்கீதே, யார் கட்டிவுட்டது?" என்று கேட்டாள். ஜீப்புக்குப் பக்கத்தில் வந்ததும், அதை வெளியே விட்டுவிடாதீங்கம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டான். முதலில் உன்னுடையதை எடு என்றேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, வெண்ணிலா போனில் தன் கணக்கைத் திறந்து, தன் கையாலேயே என் படத்தை அழித்தான். பிறகு எங்களுடையதையும் அழிக்கச் சொன்னான். "அது இருக்கட்டும்" என்றேன். வெளியே விட மாட்டேன் தேவயானி, அது எனக்கு வேண்டியதில்லை. ஆனால் அது இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு கார்த்திகையிலும்.

அவன் விஷயம் முடிந்தது. இனி உன் விஷயம். அவன் அழிப்பதற்கு முன், யார் யாரெல்லாம் சிரித்தார்கள் என்று சின்னராஜ் கீழே தள்ளித் தள்ளிக் காட்டினான். அதில் உன் பெயர் இருந்தது, மூன்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாய், போட்டோவும் உன்னுடையதுதான். பின்னாலிருந்து எடுத்த படம், முகம் தெரியாது, அம்மா என்று உனக்குத் தெரிந்திருக்காது, சரி. ஆனால் புடவை? கடையில் ஒன்றரை மணி நேரம் நின்று நீ எடுத்த புடவையடி அது. ஈரத்தில் வந்த காய்ச்சல் ஒன்பது நாளில் விட்டது, நீ சிரித்தது இன்னும் என்னை விடவில்லை. உன்னை மட்டும் சும்மா விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

இந்தப் பார்சலில் உனக்கு நடக்கிறதற்கு என்று உன் அப்பாவின் இரண்டு டெரிலின் சட்டையும் நாலு பிளாஸ்டிக் பையும் வைத்திருக்கிறேன். அடியில் அந்த மாம்பழக் கலர் புடவையும் இருக்கிறது. இமயமலையை நடந்து முடித்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்ததும் லீவு போட்டு வா. அதைக் கட்டிக்கொண்டு அமிர்தியிலிருந்து என் பின்னால் நடக்கப் போகிறாய். ஓடையில் நான் கை கொடுக்க மாட்டேன், கரையில் நின்று பார்ப்பேன். பள்ளிக்கூடத்துக்கு வந்ததும், காய்ந்த துணி ஒரு செட் என் பையில் இருக்கும், வாயைத் திறந்து கேள், தருகிறேன்.

காளியம்மன் உன்னை நோய் நொடி இல்லாமல் காக்கட்டும், உன் கால் எந்த மலையிலும் வழுக்காமல் இருக்கட்டும். அப்பா முழங்காலுக்குப் போன் செய்ய மறக்காதே. புடவையைத் துவைத்துவிடாதே, கரையில் அந்த ஓடைச் சேறு இன்னும் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னையும் விடாத உன் அம்மா,
ரா. மங்கம்மாள்