உங்கள் படகுக்குப் புதுத் தளம்

கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன். சோற்றைப் பிசைந்தால் இன்னும் படகுக்குப் பூசிய ரெசின் மணக்கிறது.

இந்த மணம் எனக்குப் பழக்கமானது உங்களால்தான். ஒவ்வொரு வருடமும் மாரி மழை முடிந்ததும் ஒரு கிழமை முழுக்க உங்கள் சட்டையில் இது இருக்கும். பின்னேரம் பேப்பர் வாசிக்க என் வீட்டுக்கு வருவீர்கள். "என்ன இது, ஆசுபத்திரி மணம்?" என்று கேட்பேன். "மஜீத்தோட நிண்டு போட்டுக்குப் பூசினனான்" என்பீர்கள். நானும் வரட்டுமா என்று ஒரு வருடம் கேட்டுப் பார்த்தேன். "சும்மா இருங்கோ மாஸ்டர், களைச்சுப் போவியள்." அன்பாகத்தான் சொன்னீர்கள். ஆனால் அன்று பேப்பரில் ஒரு வரியும் என் தலைக்குள் ஏறவில்லை.

தபால் கந்தோரில் நீங்களும் பள்ளிக்கூடத்தில் நானும் வேலை பார்த்த காலத்திலிருந்தே நாம் சிநேகிதர்கள். மஜீத் பிறகு வந்தவர். கிண்ணியாவில் பிறந்து, நிலாவெளியில் கலியாணம் செய்து, இங்கேயே தங்கிவிட்டவர். நீங்கள் பென்சன் எடுத்து அந்தப் பழைய பைபர் படகை வாங்கியதும் அவர் உங்களோடு சேர்ந்துகொண்டார். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவீர்கள், மாதத்துக்கு ஒரு தடவை. மற்ற நாள் எல்லாம் மஜீத்துக்கு. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் மட்டும் வாத்தியார் அடிக்கடி கேள்வி கேட்டால் அடுத்த பிள்ளையின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தோடு எழுபது வயதுவரை வந்துவிட்டேன்.

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம். போன மாதம் உங்கள் மனைவி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "அவற்ற போட் வெய்யிலில கிடந்து காயுது. நீங்கள் ரெண்டு பேரும் பாத்துத் திருத்துங்கோ. பிறகு ஆர் வைச்சிருக்கிறதெண்டு நீங்களே கதைச்சு முடிவெடுங்கோ."

மஜீத் படகில் ஏறிக் கால் வைத்ததும் நடுத்தளம் பாய் போல அமுங்கியது. மேலே பைபர் பளபளப்பாகத்தான் இருந்தது. பாடமாக்கி வந்து அழகாக ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரி. ஒரு கேள்வி கேட்டு அழுத்தினால் உள்ளே ஒன்றும் இராது.

உங்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்கு அந்தப் படகு வேண்டும் என்று இருந்தது. இயந்திரத்தின் கயிற்றை இழுக்கக்கூட எனக்கு ஏலாது. மஜீத்துக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். தளம் உக்கி அழுகியது மஜீத்தின் கவனக்குறைவால் என்று காட்டிவிட்டால், உங்கள் மனைவியிடம் சொல்ல எனக்கு ஒரு நியாயம் கிடைக்கும்.

ஆகையால் முதல்நாளே தொடங்கினேன். "நங்கூரத்தைத் தொம் தொம்மெண்டு போட்டுத்தான் வெடிச்சிருக்கு. ஐஸ் பெட்டித் தண்ணியையும் துடைச்சிருக்க மாட்டியள்."

மஜீத் கோபிக்கவில்லை. "வெட்டிப் பார்ப்பம் சேர். மரம் பொய் சொல்லாது."

ஓரத்தில் நாலு விரல் அகலம் விட்டுவிட்டு, மேல் பைபரைக் கிரைண்டரால் வெட்டி மூடி போலக் கழற்றினார். அடியில் பிளைவுட், தேநீரில் ஊறிய பாண் துண்டு மாதிரிக் கையோடு வந்தது. பல் வைத்தியர் சொத்தைப் பல்லைச் சுரண்டுவது போல நல்ல மரம் தட்டுப்படும்வரை சுரண்டினோம். நங்கூரம் கிடக்கும் முன்பக்கம், அணியத்தில், மரம் காய்ந்து உறுதியாக இருந்தது. ஐஸ் பெட்டிக்குக் கீழும் நல்ல மரம். என் நியாயம் அங்கேயே முறிந்துவிட்டது. நடுவில்தான் முழுக்கக் கறுப்பு.

கழற்றிய மூடியை மஜீத் புரட்டிக் காட்டினார். நடுவில், கறுப்பு இருந்த இடத்துக்கு நேரே, சதுரமாக நாலு துளை. ஒன்றில் மெழுகுதிரித் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"உங்கட கதிரை சேர்."

என் முதுகு நோவுக்காக, நான் சாய்ந்து உட்கார, நீங்கள் படகில் பூட்டிவைத்த அந்த இரும்புக் கதிரை! அது எப்போதும் அங்கேயே இருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். மாரிக்கு அதைக் கழற்றி வைப்பீர்களாம். துளைகளை மெழுகால் அடைப்பீர்களாம். மெழுகு வெய்யிலில் உருகி, வருடா வருடம் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

"தளத்தில ஓட்ட போடாதீங்க, தண்ணி எறங்கும், பலக உக்கும் எண்டு நான் சொன்ன. அவர் கேக்கல்ல. 'மாஸ்டர் பலகைத் தட்டில குந்தி முதுகு நொந்தா அடுத்த முறை வரமாட்டார்டா' எண்டார். நான் விடல்ல. 'அவர் மாசத்தில ஒரு நாள் வாற ஆள், நான் நாளாந்தம் நிக்கிறன், எனக்கென்ன செஞ்சீங்க?' எண்டு கேட்டுட்டன். மூணு நாள் அவர் என்னோட கதைக்கல்ல, சேர். கடலுக்குப் போறம், வல இழுக்கிறம், வாறம். ஒரு கத இல்ல."

சொல்லிவிட்டு மஜீத் சிரித்தார். சிரிப்பில் பழைய கோபம் கொஞ்சம் இருந்தது. இத்தனை வருடமும் அவரும் என்னைப் பார்த்து எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு அது இனித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு நாலு நாள் வேலை. புதுப் பலகைக்கு இரண்டு பக்கமும், வெட்டிய ஓரங்களிலும் ரெசின் பூசிக் காயவைத்தோம். எனக்குத் தந்த வேலை கலவை கலக்குவது. அவசரத்தில், ரெசினை இறுக்கும் ஹாட்னரை அளவுக்கு மிஞ்சி ஊற்றிவிட்டேன்; கோப்பை கையில் சுட்டுப் புகைந்தது. "என்ன சேர், தேத்தண்ணியா போடுறீங்க?" என்று மஜீத் அதைப் பறித்து மணலில் வீசினார். பலகையைப் பொருத்தி, மேலே பைபர் விரித்து, தூரிகையால் குத்திக் குத்திக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றினோம். இந்த முறை ஒரு துளையும் போடவில்லை.

நேற்று உங்கள் மனைவியிடம் நானே போனேன். "போட் மஜீத்துக்குத்தான். தளம் உக்கினது என்னால" என்றேன். அவர் தேநீர் வைத்துத் தந்தார். மஜீத்திடம் படகுச் சங்கிலிப் பூட்டின் திறப்பைக் கொடுத்தபோது, "நீங்களும் வரோணும் சேர்" என்றார். பார்ப்போம் என்றேன்.

படகைக் கொடுத்ததும் பொறாமை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. என்னோடு நீங்கள் ஒரு நாளும் கோபித்ததில்லை. விருந்தாளியைப் போல வைத்திருந்தீர்கள். என் முதுகு நோகாமல், மனம் நோகாமல். மஜீத்தோடு சண்டை பிடித்தீர்கள், மூன்று நாள் முகத்தைத் திருப்பினீர்கள், அப்படித் திருப்பிக்கொண்டே ஒரே வலையை இழுத்தீர்கள். வீட்டு ஆளோடுதான் மனிதர் அப்படி இருப்பார்கள்.

அந்த மூன்று நாளில் ஒரு நாளையாவது நீங்கள் எனக்குத் தந்திருக்கலாம்.