சத்தம் நாற்பது

மார்ச் 3, மாலை 6.10
நிலவின் தென்துருவ ஆய்வுக்கூடம். கருவிகள் சீராக உள்ளன. ஆண்டெனாவைப் பூமியை நோக்கித் திருப்பும் மோட்டார் மட்டும் குளிரில் முரண்டு பிடிக்கிறது.

எனக்கு அடுத்து இங்கே வருபவருக்கு: இந்தக் கணினியின் பிரவுசரில் ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்கும். கோவில்பட்டியில் என் வீட்டு டிவியோடு இணைத்த கணினியை இயக்கும் பக்கம் அது. மூடிவிடாதீர்கள். நான் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார்; இப்போது இங்கே தனியாகக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் மனைவி வடிவுக்கு ரிமோட்டில் நிறுத்தும் பொத்தான் மட்டும்தான் பழக்கம். படம் போடுவது இங்கிருந்து நான்.

மார்ச் 9, மாலை 5.55
மோட்டார் மோசமாகிறது. இனி குரலழைப்பு கிடையாது. சின்னக் கட்டளைகளும் எழுத்துச் செய்திகளும் மட்டும் போய்வரும்.

பரவாயில்லை. பிரவுசர் பக்கத்தில் ஓடும் படம், ஓடிய நேரம், சத்தத்தின் அளவு மூன்றும் தெரிகின்றன. வகுப்பில் ஒரு பையனின் கையெழுத்தைப் பார்த்தே அவனுக்குக் காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதில்லையா, அதுபோலத்தான். படம் நின்றால் வடிவு காபி போடப் போயிருக்கிறாள். வெகுநேரம் நின்றால் தூங்கிவிட்டாள். உடனே படத்தை ஓடவிட்டுச் சத்தத்தை நாற்பதுக்கு ஏற்றுவேன். பட்டென்று நிறுத்துவாள். அதுதான் அவள் திட்டு.

பக்கத்து வீட்டு அமலி இன்று எழுதியிருந்தாள்: “சார், அக்காவ எழுப்புறேன்னு தெருவையே எழுப்புறீங்க.”

மார்ச் 14, மாலை 5.40
மாமியார் கிணற்றில் விழும் காமெடிக் காட்சிக்குச் சற்று முன்னால் படம் நிற்கிறது. காபி.
இணைப்பு அறுந்தது.

மார்ச் 15, மாலை 4.20
இப்போதுதான் இணைப்பு திரும்பியது. படம் அதே இடத்தில் நிற்கிறது. இவ்வளவு தூக்கமா? ஓடவிட்டேன். நாற்பது.

4.24
ஓடுகிறது. அவள் நிறுத்தவில்லை.

4.31
அமலியின் செய்தி: “சார், நேத்துலருந்து அனுப்புறேன், எதுவும் போகல. அக்கா நேத்து சாயங்காலம் டிவி முன்னாலயே போயிட்டாங்க. நடுவீட்டுல படுக்க வச்சிருக்கோம். இப்ப திடீர்னு டிவில சிரிப்புச் சத்தம். எல்லாரும் பதறிட்டாங்க. நான் வயரப் பிடுங்கப் போனேன். அக்காவோட அண்ணன்தான் தடுத்துட்டாரு. ‘விடு தாயி, மாப்பிள்ள வந்திருக்காரு’ன்னாரு. எடுக்கப் போறோம் சார்.”

4.38
நிறுத்தும் பொத்தான் அவளுடையது. நான் தொடமாட்டேன். சத்தத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் குறைக்கிறேன். தூங்குகிறவளை எழுப்பாமல் கதவைச் சாத்துவதுபோல.

முப்பது. இருபத்திரண்டு. மோட்டார் முனகுகிறது. பதினாறு.

பதினைந்து.

4.50
இணைப்பு போய்விட்டது. மோட்டார் அசையவில்லை.

பக்கத்தில் ஓடிய நேரம் நகராமல் நிற்கிறது. இணைப்பு இல்லாததால்தான். வகுப்பில் கேட்டால் அப்படித்தான் சொல்வேன். ஆனால் பார்ப்பதற்கு அவளே நிறுத்தியதுபோல இருக்கிறது.

அடுத்து வருபவருக்கு: பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள். அப்படியே இருக்கட்டும்.