வேண்டிக்கொள்ளத்தான் சொன்னார்

மார்ச்சு 4, செவ்வாய்

நகர மன்றத்தில் மாலைக் கூட்டம். தலைப்பு: 'பொருள் பெருகிய உலகில் அருள் எங்கே?' அரங்கு நிறைந்து, நின்றவர்களும் இருந்தார்கள். "வாங்கி வாங்கியே வாழ்நாளை விற்றுவிட்டோம்!" என்று நான் பேசி முடித்தபோது பின்வரிசையினர் எழுந்தே நின்றுவிட்டனர்.

வெளியே வந்தால் மகிழுந்தின் பின்னிருக்கை முழுவதும் பைகள். துணைவி திரைச்சீலை வாங்கியிருக்கிறாள். "பக்கத்துலயே கடை. பாதி விலை. நீங்க 'அருள் எங்கே'ன்னு தேடி முடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டேன்" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். நிறம் நன்றாகத்தான் இருந்தது.

என் கூட்டங்களுக்கெல்லாம் ஒலிபெருக்கி வைக்கும் அண்ணன் வரவில்லை. உடல்நலமில்லை என்று வேறோர் ஆளை அனுப்பியிருந்தார். இத்தனை ஆண்டுகளில் இப்படி நடந்ததே இல்லை.

மார்ச்சு 7, வெள்ளி

அண்ணன் போய்விட்டார். காலையில், மருத்துவமனையில். நேற்றுப் போய்ப் பார்த்திருக்கலாம். நேற்று எனக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் இருந்தது.

மார்ச்சு 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அழகுபடுத்தாமல்.

மூன்றாம் மாடியில் அண்ணனின் வீடு. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மன்றத்துக்காரர்கள் பாதி, உறவினர் பாதி. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவருக்காகக் கொஞ்சம் வேண்டிக்கோங்க. எனக்கு வாய் வரல. பெரிசா ஒண்ணும் வேணாம்."

பெரிதாக ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொன்னார். காதில் விழுந்தது. தலையும் ஆட்டினேன்.

தலைமாட்டில் நின்று கண்களை மூடினேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. "தம் குரலை உயர்த்தத் துடிக்கும் உலகில், பிறர் குரலை உயர்த்திவிட்டுத் தாம் மறைந்து நின்ற மனிதர் இவர்! விலைக்கு வாங்க முடியாதது எது என்று என்னைக் கேட்டால், இவருடைய அடக்கத்தைக் காட்டுவேன்!" நிறுத்தினேன்.

அந்த நிறுத்தம் என் உடம்பில் ஊறியது. உச்சத்தில் சொல்லை அறுத்து, மூச்சை உள்ளே இழுத்து, முகவாயைச் சற்றே உயர்த்துவேன். அடுத்தது அவர்களுடைய முறை என்று கூட்டத்துக்குத் தெரியும். மன்றச் செயலாளருக்கும் தெரியும். வாசலோரம் நின்றிருந்தவர் கை தட்டினார். அவரைத் தொடர்ந்து இருவர். இன்னும் சிலர். பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கைகள் பாதியில் நின்றன.

இறந்த வீட்டில் கைத்தட்டல்.

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. அண்ணனின் மார்பில் போர்த்தியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

வரும் வழியில் செயலாளரை ஒருமையில் திட்டிக்கொண்டே வந்தேன். துணைவி கண்ணாடிப் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "அவர் என்ன பண்ணுவார் பாவம்? தட்டு தட்டுன்னு நீங்கதானே நின்னீங்க."

மார்ச்சு 9, ஞாயிறு

அண்ணி கேட்டதை வீட்டிலாவது செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். இந்த அடுக்ககத்தில் கதவைச் சாத்திக்கொள்ளும்படி எனக்கென்று இடம் எங்கே இருக்கிறது? துணி துவைக்கும் பொறி இருக்கும் சிற்றறை. ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டேன்.

"இறைவா" என்று தொடங்கினேன். "எளியோர்க்கு எளியோனே" என்று அடுத்தது வந்து நின்றது. நல்ல தொடர்தான் என்று மனம் தலையாட்டியது. தள்ளிவிட்டு மறுபடி தொடங்கினேன். "ஒலியின் ஊற்றே, ஒளியின் ஈற்றே..." அடச்சீ! இறந்தவருக்காக வேண்டச் சொன்னால் எதுகை தேடுகிறேன்.

சொல்லே வேண்டாம், வாய்மூடி இருப்போம் என்று இருந்தேன். 'மௌனம் என்பது சொல்லின் துறவு' என்று உள்ளே ஒருவன் முழங்குகிறான். அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள் என்கிறான்.

கதவு தட்டப்பட்டது. "இறைவன் வந்துட்டாரா? நான் துணி போடணும்."

மார்ச்சு 12, புதன்

மகள் ஒரு வேண்டுகோளோடு வந்தாள். அவள் வேலை பார்க்கும் விளம்பர நிறுவனத்துக்குப் புதிய வணிக வளாகத்தின் பணி கிடைத்திருக்கிறது. ஏழு தளம். நாள்தோறும் சிலமுறை வளாகம் முழுவதும் 'அமைதி நேரம்' என்று ஒரு குரல் ஒலிக்கும்: நில்லுங்கள், கண்களை மூடுங்கள், உங்களுக்குள் பாருங்கள் என்று. அந்தக் குரல் என்னுடையதாக இருக்க வேண்டுமாம்.

"கடைக்கு வந்தவனை நிற்கவைத்து இளைப்பாற்றி, மறுபடியும் வாங்க அனுப்புவதா?" என்றேன்.

"அப்பா, நீங்க மேடையில திட்டுற ஆளுங்க பூரா அங்கதான் இருக்காங்க. உங்க கூட்டத்துக்கு வர்றவங்க ஏற்கெனவே திருந்தினவங்க. நேரா அங்க போய்ச் சொல்லுங்களேன்."

நல்ல வாதம். யார் மகள்!

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இது நடந்தா தலைமைப் பொறுப்பு எனக்கு வரும்ப்பா."

"எண்ணிப் பார்க்கிறேன்."

"எண்ணிப் பார்க்கிறேன்னா உங்க அகராதியில மாட்டேன்னு அர்த்தம். அம்மா சொல்லிவெச்சிருக்காங்க."

மார்ச்சு 16, ஞாயிறு

அண்ணியைப் பார்க்கப் போனேன். தேநீர் கொடுத்தார். உட்கார்ந்ததும் கேட்டார்: "வேண்டிக்கிட்டீங்களா தம்பி?"

"அன்றைக்கு..." என்று இழுத்தேன்.

"அன்னிக்குப் பேசினீங்க. நல்லாத்தான் பேசினீங்க. நான் கேட்டது அது இல்லையே."

"நீங்களே வேண்டிக்கொள்ளலாமே அண்ணி" என்று அசட்டுத்தனமாக ஒன்று சொன்னேன்.

"எனக்கு அவர் மேல கோபம். டாக்டரைப் பாருங்க பாருங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். 'தம்பி கூட்டம் முடியட்டும், தம்பி கூட்டம் முடியட்டும்'னே ஓட்டிட்டார். அவர் பேரைச் சொன்னாலே எனக்குச் சண்டைதான் வருது. சண்டை போட்டுக்கிட்டு எப்படி வேண்டுறது? கோபம் ஆற நாளாகும். அதுவரைக்கும் அவரை அப்படியே விட்டுவைக்க முடியுமா? அதான் உங்ககிட்ட சொன்னேன்."

எழுந்தபோது வாசல்வரை வந்தார். "உங்களுக்கு எப்ப வருதோ அப்ப. ஆனா செஞ்சுடுங்க."

என் கூட்டம் முடியட்டும் என்று காத்திருந்தாராம். என் கூட்டங்கள் என்றைக்கு முடிந்தன?

மார்ச்சு 19, புதன்

மகளிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அவளுக்காக. அவளுக்காக மட்டும்தானா? ஏழு தளத்திலும் என் குரல் என்றதும் உள்ளே ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்ததே, அது யாருக்காக?

மார்ச்சு 25, செவ்வாய்

ஒலிப்பதிவு. சுவர் முழுவதும் பஞ்சு ஒட்டிய அறை. இருமினால்கூட எதிரொலி இல்லை. "கண்களை மூடுங்கள். உங்களுக்குள் இருக்கும் அமைதியைத் தொடுங்கள்" என்று படித்துவிட்டு நிறுத்தினேன்.

ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையசைத்தார். "சார், கேப் ரொம்பப் பெரிசு. வெட்டிடறேன்."

"அந்த இடைவெளியில்தான் ஐயா அமைதியே இருக்கிறது!"

"இருக்கட்டும் சார். ஆனா கடையில சத்தம் நின்னுபோச்சுன்னா ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுன்னு ஆள் ஓடிவருவாங்க. அந்த இடத்துல புல்லாங்குழல் போட்டுக்கலாம்."

நடைவழிக்கு வந்து மகளிடம் வெடித்தேன். அமைதி நேரத்தில் அமைதிக்கு இடமில்லை, இது வணிகத்தின் வஞ்சகம், ஆன்மாவுக்கும் விலைச்சீட்டு ஒட்டுகிறீர்கள் என்று அடுக்கினேன். நடைவழியில் போனவர்கள் நின்று கேட்டார்கள். நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் என் குரல் இன்னும் ஏறியது. அதை நானே கேட்டேன்.

மகள் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நீங்க மேடையில நிறுத்துறீங்களே, அந்த கேப்புல மட்டும் அமைதியா இருக்கு? அங்க கைத்தட்டல் போட்டுக்கறீங்க. இவங்க புல்லாங்குழல் போட்டுக்கறாங்க."

திரும்பிப் போய் மீதியையும் படித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச்சு 26, புதன்

சரியாத்தான் சொல்லியிருக்கா. இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டு இருந்தேன்? இறைவன் இறைவன்னு எத்தனை மேடை! அவன்கிட்ட ஒரு வார்த்தை தனியாப் பேசியிருக்கேனா? கடையில வாங்கறவனையாவது கேட்டா, எனக்கு இது வேணும்னு நேராச் சொல்லுவான். எனக்கு என்ன வேணும்? அதுகூடச் சொல்லத் தெரியலையே.

அண்ணி எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு மனிதருக்காக ஒரு வேண்டுதல். அது என்னிடம் இல்லை.

ஏப்ரல் 2, புதன்

அந்தப் பதிவைப் பயன்படுத்த வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். கொள்கை என்று எதையும் சொல்லவில்லை. "உள்ளே இருக்கும் அமைதியைத் தொடுங்கள் என்கிறேன். நான் போகாத ஊருக்கு வழி சொல்கிறேன் அம்மா" என்றேன்.

"இது இப்பதான் தெரிஞ்சுதா? நாளைக்கு வளாகத்துக்காரங்களுக்குப் போட்டுக் காட்டணும்ப்பா."

"தெரியும்."

"தெரியும்னா என்ன அர்த்தம்?" கைப்பையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதாள். துணைவி என்னை முறைத்தாள். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. கேட்ட முதல் நாளே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகள் இன்னும் பேசவில்லை. உப்பை எடு என்றால் அவள் அம்மா கையில் கொடுக்கிறாள். அம்மா என் கையில் கொடுக்கிறாள். ஒரே மேசைதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அண்ணனின் ஒலிபெருக்கிப் பெட்டிகளை வெளியூர்க்காரர் ஒருவர் எடுத்துக்கொள்கிறார் என்று அண்ணி தொலைபேசியில் சொன்னார். வண்டியோடு ஓட்டுநர் மட்டும் வருகிறார், இறக்க ஆள் இல்லை. "யாரையாவது அனுப்ப முடியுமா தம்பி?" என்றார். ஞாயிற்றுக்கிழமை. யாரும் அகப்படவில்லை. நானே போனேன்.

அந்தக் கட்டடத்தில் மின்தூக்கி கிடையாது. ஓட்டுநர் ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சரசரவென்று இறங்கிவிட்டார். நான் இன்னொன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். என்ன கனம்! விளிம்பு நெஞ்சில் குத்துகிறது. கால் வைக்கும் படி கண்ணுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு படியையும் குதிகாலால் தடவித் தடவி இறங்க வேண்டியிருந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் முட்டி நடுங்கிவிட்டது. பெட்டியைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து, அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியது. ஒரு சொல் முழுதாகச் சொல்வதற்குக்கூட நெஞ்சில் காற்று இல்லை.

இதைத்தானே அவர் தூக்கினார்! எனக்கு முன்னால் போய் ஏற்றி, நான் போன பிறகு இறக்கி. நான் அப்போதெல்லாம் மாலையைக் கழற்றிக்கொண்டு மகிழுந்தில் ஏறிக்கொண்டிருப்பேன்.

"பாவம்ப்பா அவரு..." என்று வந்தது. "ரொம்பத் தூக்கிட்டாரு... உட்கார வை... கொஞ்சம் பாத்துக்கப்பா..."

அவ்வளவுதான். யாரிடம் சொன்னேன் என்று ஐயமே இல்லை. கேட்கிறவர் அங்கேயே, படியில், என் அருகில் இருந்தாற்போலத்தான் சொன்னேன். கண்ணிலும் மூக்கிலும் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

மேலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி நின்னுட்டீங்க? முடியலைன்னா வெச்சுடுங்க, டிரைவர் வந்து எடுப்பார்."

"ஒண்ணுமில்ல அண்ணி. இறங்கிடறேன்."

எல்லாப் பெட்டிகளும் இறங்கிய பிறகு தண்ணீர் கொடுத்தார். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "ஆச்சா?" என்றார். "ஆச்சு அண்ணி" என்றேன். என்ன சொல்லி வேண்டினேன் என்று அவர் கேட்கவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஏப்ரல் 14, திங்கள்

முதுகு பிடித்துக்கொண்டது. துணைவி தைலம் தேய்த்துவிட்டாள். "அறுபதை நெருங்குற வயசுல இந்த வீரம் எதுக்கு?" என்றாள். படியில் நடந்ததை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 23, புதன்

வளாகத்தில் வேறொருவர் குரலைப் போட்டுவிட்டார்கள். மகளுக்குத் தலைமைப் பொறுப்பு கிடைக்கவில்லை. அவளே வந்து சொன்னாள். "அடுத்த தடவை மாட்டேன்னா மொதல்லயே மாட்டேன்னு சொல்லிடுங்கப்பா. எண்ணிப் பார்க்காதீங்க." மன்னிப்புக் கேட்டேன். "அதையும் செந்தமிழ்லதான் கேட்கணுமா?" என்று எழுந்து போனாள். கோபம் முழுதும் ஆறவில்லை. ஆறவேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

இன்று காலையும் சிற்றறையில் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. எதுகைதான் வந்தது. அன்று படியில் வந்தது மறுபடி வரவே இல்லை. வராமலே போகலாம். நாளையும் உட்காருவேன்.

மே 8, வியாழன்

மன்றச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். ஆண்டுவிழாவாம். பெரிய அரங்கம். தலைப்பு 'வேண்டுதலின் வலிமை'.

"ஐயாவைத் தவிர வேற யார் பேச முடியும்? சொந்த அனுபவம் ஒண்ணு ரெண்டு எடுத்துவிட்டீங்கன்னா அரங்கமே உருகிடும்."

வேறு தலைப்புக் கொடுங்கள் என்றேன்.

திகைத்துப்போய்விட்டார். "வேறன்னா... மீதி இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான் ஐயா. நகரக் குடிநீர்த் திட்டம். அதுக்குப் பொறியாளர் ஒருத்தரைக் கேட்கலாம்னு இருந்தோம்."

"அதை நான் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். நாளை நூலகத்துக்குப் போக வேண்டும். குழாய்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.