பள்ளமா, குறியா

பிப்ரவரி 11
வரலாறு குறித்துக்கொள்ள வேண்டிய நாள். துப்பாக்கிப் பாகங்களைச் சோதித்து அரசுக்கு அறிக்கை எழுதும் எங்கள் பிரிவு காலை முழுவதும் விவாதித்து, மதிய உணவையும் தள்ளிவைத்து, இனி அறிக்கைகளில் ‘பள்ளம்’ என்று எழுதுவதில்லை, ‘குறி’ என்றே எழுதுவது என முடிவெடுத்தது. எல்லோரும் கை தூக்கினோம். எனக்குப் பசி.

துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது ஒழுகும் அழுக்கு எண்ணெயைப் பிடிக்க ஒரு குழாய் விற்கிறார்கள். துப்பாக்கியின் முனையில் திருகிக்கொள்ளலாம். உள்ளே சின்ன உலோகக் கிண்ணங்கள். கிண்ணங்களின் நடுவில் துளை போட்டால் குண்டு வெளியே போகும், சத்தம் உள்ளே தங்கும். அப்போது அது சைலன்சர். பதிவு செய்யாமல் வைத்திருந்தால் சிறை. துளை இல்லையென்றால் கிண்ணம், கிண்ணம்தான். ஆனால் சில கிண்ணங்களின் நடுவில் கடுகளவு ஒரு புள்ளி. பள்ளம் என்றால், கடையும்போது தானாக விழுந்தது. குறி என்றால், துளை போடுவதற்காக ஒருவர் வைத்தது. சட்டம் நோக்கத்தைத்தான் பார்க்கிறது: குறி இருந்தாலே அது சைலன்சர்.

பிப்ரவரி 12
பனி.

ஏப்ரல் 3
கேல் ரக்மனைக் கைது செய்திருக்கிறார்கள். நான் தினமும் காலையில் முட்டை சாப்பிடும் கடையின் முதலாளி, சமையல்காரர், இரண்டும் அவர்தான். அந்தக் குழாயை வாங்கியவர்களை வீடு வீடாகத் தேடிப் போகிறார்களாம். அவர் வீட்டில் ஒன்று இருந்தது. எந்தக் கிண்ணத்திலும் துளை இல்லை.

அவர் மனைவி லொரெட்டா காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “நான்தான் வாங்கச் சொன்னேன், கண்ணு. சமையக்கட்டுத் தரையெல்லாம் துப்பாக்கி எண்ணெய். இனிமே சிந்தினா நீயே துடைன்னு கத்தினேன்.” கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது. “நீ அங்கதானே வேல பாக்குற? வெறும் கிண்ணம்னு ஒரு வார்த்த எழுதினா விட்ருவாங்கல்ல?”

பார்த்ததைத்தான் எழுத முடியும் என்றேன்.

“நான் வேற என்ன கேட்டேன்? பாத்தத எழுது.”

ஏப்ரல் 29
கேலின் குழாய் என் மேசைக்கே வந்துவிட்டது. அவரைத் தெரியும் என்று மேலதிகாரி புரூயிட்டிடம் சொன்னேன்.

“காசு குடுத்துத்தானே சாப்பிடுற?”

“ஆமா.”

“அப்புறம் என்ன? ஓசியில தின்னிருந்தாத்தான் சிக்கல்.”

மே 6
பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளியைச் சுற்றி வட்ட வட்டமாகக் கீறல்கள். கடைசல் இயந்திரம் விட்டுப்போன தடம். யாரும் வைத்ததாகத் தெரியவில்லை. ‘பள்ளம்’ என்று எழுதி அனுப்பினேன்.

மே 8
திரும்பி வந்துவிட்டது.

“அந்த வார்த்த இப்ப நம்மகிட்ட இல்லயே, எல்டன்” என்றார் புரூயிட். கோபமெல்லாம் இல்லை. கிடங்கில் சரக்கு தீர்ந்துபோன மாதிரி.

“அது பள்ளம்தான் சார்.”

“இருக்கட்டுமே. குறின்னு எழுது. ஒன்ன யாரு பொய் சொல்லச் சொன்னா?”

எழுதினேன். ஒரே ஒரு சொல். என்ன செஞ்சிருக்கணும்? தெரியல. கை பாட்டுக்கு எழுதிடுச்சு.

மே 9
காலைச் சாப்பாடு வீட்டில். ரொட்டி கருகியது. தின்றேன்.

செப்டம்பர் 17
சாட்சிக் கூண்டு. கேல் கோட்டு போட்டிருந்தார். கை நீளம் போதவில்லை. என்னைப் பார்த்துத் தலையாட்டினார், வழக்கமாக அடுப்படியிலிருந்து ஆட்டுவது போலவே.

அவருடைய வக்கீல் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். “இது என்ன?”

“குறி.”

“யாரு வச்ச குறி?”

“தெரியாது.”

“வச்சத நீங்க பாத்தீங்களா?”

“இல்லை.”

“அப்ப குறின்னு எப்படிச் சொல்றீங்க?”

“அப்படிச் சொல்வது என்று முடிவெடுத்திருக்கிறோம்.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் நின்றது. முதலில் நான் வேறு சொல் எழுதியிருந்தேனா என்று வக்கீல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் — கேட்கவில்லை.

லொரெட்டா கடைசி வரிசையில். கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

செப்டம்பர் 19
குற்றவாளி.

அக்டோபர் 2
புரூயிட் கை குலுக்கினார். “கூண்டுல அசையவே இல்லயாம்ல நீ?” நன்றி சார் என்றேன்.

டிசம்பர் 4
தண்டனை: பதினெட்டு மாதம்.

டிசம்பர் 9
அலுவலகம் போகும் வழியில் கடை முன் வண்டியை நிறுத்தினேன். கதவில் லொரெட்டாவின் கையெழுத்தில் ஓர் அட்டை: காப்பி மட்டும் கிடைக்கும்.