கோழிக்கூண்டு என்று சொல்லிவிட்டேன்

1956 ஜூலை 10, செவ்வாய்

எங்கள் ஊர் ட்ரியோலேயின் சாலையை அகலமாக்க அளவெடுக்கும் அதிகாரி இன்று வந்தார். அஞ்சலை மிளகாய் வடை போட்டு விற்கும் தகரக் கொட்டகையைக் காட்டி, இது என்ன என்று என்னைக் கேட்டார். அவள் குழாயடிக்குப் போயிருந்தாள். என் வாய் சும்மா இருக்குமா? “லகாஸ் பூல், மிசியே” என்றேன். அதாவது, கோழிக்கூண்டு ஐயா! சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

மதியம்தான் விஷயம் தெரிந்தது. இடிபடும் கடைகளுக்குப் புது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இடம் தருவார்களாம். கோழிக்கூண்டுக்கு ஒன்றும் கிடையாதாம்.

ஓடிப்போய் அவரைப் பிடித்தேன். “அது கடை, மிசியே. நான் விளையாட்டுக்குச் சொன்னேன்.”

இப்போது அவர் சிரித்தார். “காலையில கோழிக்கூண்டு, இப்ப கடையா? சாயங்காலம் கோயில்னு சொல்லுவியா? கடைக்காரியே நாளைக்கு வந்து சொல்லட்டும். அதுக்கப்புறம் பேப்பர் போர்ட் லூயிஸ் ஆபீசுக்குப் போயிடும்.”

திரும்பி வந்தால் அஞ்சலை சூடாக ஒரு வடையை நீட்டினாள். “என்ன அண்ணே, மூஞ்சி செத்துக் கிடக்கு? கிண்டல் பண்ண இன்னிக்கு ஆள் அகப்படலையா?”

புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் அந்தக் கொட்டகைதான் சோறு போடுகிறது. வாய்வரை வந்ததை வடையோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

விடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எதற்கு என்று கேட்பாள். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அவளிடமும் எப்படிச் சொல்வது?