செல்லல் என்ற சொல்

3-6-85, திண்டிவனம்

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் மூன்று பழம்பாட்டுக்கு நான் எழுதிய உரையை மேரிக்குப் படித்துக் காட்டிவிட்டேன். புரியாத சொல் வந்தால் முழங்கையால் என் விலாவில் இடிப்பாள். இடி வாங்கிய சொல்லை அங்கேயே பென்சிலால் அடித்துவிட்டு வேறு போடுவேன். இன்று 'ஆற்றாமை'க்கு ஓர் இடி. "ஆஸ்பத்திரியில வந்து இத சொன்னா எந்த வார்டுக்கு அனுப்புறது?" என்றாள். 'தாங்க முடியாமை' என்று மாற்றினேன்.

நர்ஸ் வேலை பார்க்கிறவள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு பழம்பாட்டையும் தொட்டதில்லை. இந்தப் பதிப்பு யாருக்கு என்று எவராவது கேட்டால் பக்கத்து சீட்டைக் காட்டுவேன். கல்யாணம் ஆகி ஒரு வருடம் ஆகிறது. நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது இந்த பஸ்ஸில்தான் என்று நினைக்கிறேன்.

கூட்டேரிப்பட்டில் மயிலத்துக் கூட்டம் ஏறியது. கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு இடம் கொடுத்துவிட்டு மேரி விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தாள். அங்கே போயும் எட்டு மணி நேரம் நிற்க வேண்டியவள்.

6-6-85

விழுப்புரத்து அச்சக முதலாளி அப்பாதுரை நல்ல மனிதர். கல்யாணப் பத்திரிகை அடித்தே பிழைத்தவர். இப்போது இலக்கியப் பித்து. எப்போதோ ஒரே ஒருமுறை அச்சாகிப் பொடிந்துபோன ஓர் அகப்பாட்டுத் தொகுதியை, சொல் பிரித்து, எளிய உரையோடு 'மக்கள் பதிப்பு' என்று கொண்டுவருகிறார். உரை எழுதுவது நான். அட்டையில் பெயர் வருவது ரிட்டயர்டு புரொபசர் தாண்டவராயனுக்கு.

பழைய புத்தகத்தைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது. பாட்டு நான்கு வரி, உரை நான்கு பக்கம். அந்த உரைக்கு இன்னோர் உரை வேண்டும். யாருக்கும் புரியக் கூடாது என்றே எழுதினார்களா? ஆமாம், அப்படித்தான். என் அப்பா மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கினார். மூட்டையைக் கொடுத்த பண்ணையார்கள் ஒரு பாட்டைக் கொடுத்தார்களா? நான் எம்.ஏ. தமிழ் சேர்ந்தபோது, "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் எதுக்குப்பா, வேற எதாவது படிக்கலாமே" என்றார் ஒரு வாத்தியார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் கெங்கம்மாளோடு தினமும் தகராறு. தும்பிக்கை வைத்த பழைய லை, னை எழுத்தெல்லாம் வேண்டாம், இப்போது பிள்ளைகள் படிக்கிற எழுத்தில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் கை மட்டும் எழுத்துப் பெட்டியின் பழைய அறைக்கே போகிறது. "கட்சி மாறுறவனுக்கே நாலு நாளு ஆவுது சார். என் கைக்கு மட்டும் ஜல்தி பண்ணா எப்பிடி?"

11-6-85

மேரிக்கு குவைத் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது.

12-6-85

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஆர்டர் வந்துடுச்சிங்க. ரெண்டு வருசம்." என் முகத்தைப் பார்த்தாள். "நல்லதுதானே" என்றேன். ரசம் கேட்டேன்.

நல்லதுதானே. வேறு என்ன சொல்வது? பெண்டாட்டியை வீட்டுக்குள் பூட்டிவைக்கிற ஆண்களைப் பற்றி மாதா கோயில் இளைஞர் கூட்டத்தில் மைக் பிடித்துத் திட்டியவன் நான். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு எத்தனை வருடமாகக் காத்திருக்கிறாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையோடு ஆயா வேலையையும் அவள் தலையில் கட்டுகிறார்கள். படித்த வேலைக்கு மரியாதை கடல் தாண்டித்தான் கிடைக்கும் என்றால் அது இந்த ஊருக்கு வெட்கம், அவளுக்கில்லை. போகாதே என்று சொல்ல நான் யார்? சரியாகத்தான் யோசிக்கிறேன். எல்லாம் சரி.

சோறு ஏன் இறங்கவில்லை?

15-6-85

வீட்டுக்கார அம்மா குப்பம்மாள் வாசலில் வழிமறித்தார். "இன்னா தம்பி, பொண்டாட்டிய ஏரோப்ளான் ஏத்திட்டு நீ இங்க பொஸ்தகம் படிச்சிக்கினு குந்தியிருப்பியா?" உங்கள் வேலையைப் பாருங்கள் என்று கத்திவிட்டேன். உள்ளே மேரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பஸ்ஸில் இப்போதெல்லாம் இடி குறைந்துவிட்டது. எல்லாம் புரிகிறது என்கிறாள். எல்லாம் எப்படிப் புரியும்?

19-6-85

புரொபசரோடு பெரிய சண்டை. ஒரே ஒரு சொல்லுக்கு.

பொருள் தேடிப் புருஷன் ஊர்விட்டுப் போய்விட்டான். அவள் தோழியிடம் சொல்கிற பாட்டு. கடைசி வரி:

சென்றனர் காதலர், செல்லல் என்றிலேனே.

'போகாதே என்று நான் சொல்லவில்லையே' என்று எழுதியிருந்தேன். பழைய தமிழில் 'செல்லல்' என்றால் போகாதே. புரொபசர் அதை அடித்துவிட்டு, 'துன்பம் என்று நான் சொல்லவில்லையே' என்று மாற்றிவிட்டார். 'செல்லல்' என்றால் துன்பம் என்றும் பொருள் உண்டுதான். மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன காரணம் இருக்கிறதே. "குலமகள் கணவனைத் தடுக்க நினைக்கவே மாட்டாள் இன்னாசி. துன்பத்தை மனசுக்குள்ளயே வெச்சிக்குவா." குறிப்பிலும் குலமகள் என்றே எழுதியிருக்கிறார்.

குலமகளாம். ஆயிரம் வருடம் கழித்தும் அந்தப் பெண்ணின் வாயைப் பொத்த வேண்டுமா? நினைக்கக்கூடவா உரிமை இல்லை? இதையெல்லாம் அவர் வீட்டுக் கூடத்தில் நின்றே கேட்டேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

22-6-85

புரொபசரும் நானும் இறங்கி வரவில்லை. எட்டுப் பக்கம் கோத்துக் கட்டிய பாரம் அப்படியே கிடக்கிறது. ஈய எழுத்தெல்லாம் அதில் மாட்டிக்கொண்டதால் ஆனி மாத முகூர்த்தப் பத்திரிகைகளுக்கு எழுத்து போதவில்லை. "ரெண்டு கல்யாணம் உன் செல்லலால நிக்குது இன்னாசி" என்று அப்பாதுரை புலம்புகிறார். மாப்பிள்ளை பெயரை அதிலிருந்து பிய்த்து எடுக்கட்டுமா என்கிறார் கெங்கம்மாள்.

மேரி பாஸ்போர்ட்டுக்காக மெட்ராஸ் போய் வந்தாள். நானும் வரட்டுமா என்று கேட்டிருக்கலாம்.

24-6-85

இன்று நடந்ததைச் சிந்தாமல் எழுத வேண்டும்.

பஸ்ஸில் அந்தப் பாட்டைப் படித்தேன். பழையபடி இடி விழுந்தது. "செல்லல்னா போறதுதானே?" சிரித்துவிட்டேன். இல்லை என்று இரண்டு பொருளையும் சொன்னேன். எங்கள் சண்டையையும் சொன்னேன். புரொபசரைக் கொஞ்சம் கூட்டித்தான் திட்டினேன். அவள் சேர்ந்துகொள்வாள் என்று பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட்டேரிப்பட்டு போன பிறகுதான் வாய் திறந்தாள்.

"அவ ரெண்டையுமே சொல்லலதானே?"

எதை என்றேன்.

"போவாதன்னும் சொல்லல. கஷ்டமா இருக்குன்னும் சொல்லல. அவ சொல்லாத வார்த்தை எதுன்னு நீங்களும் உங்க புரொபசரும் சண்ட போட்டுக்கினு இருக்கீங்க." பிறகு, "அந்த ஆளு பாவம். வூட்ல யாரும் தேட மாட்டாங்கன்னு நெனச்சிக்கினே போயிருப்பான்" என்றாள்.

மேற்கொண்டு படிக்கவில்லை. காகிதத்தைப் பைக்குள் வைத்தேன்.

போகாதே என்று சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அந்த உறுதியில் பெருமை வேறு. ஆனால் வலிக்கிறது என்று சொல்வது தடுப்பது ஆகாதே? அதை ஏன் சொல்லவில்லை? அதைச் சொல்லவிடாமல் என்னை யார் பிடித்து வைத்திருந்தது? எந்தப் பண்ணையாரையும் கை காட்ட முடியவில்லை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். கண்டமங்கலம், பாண்டி என்று கண்டக்டர் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தார். மேரிக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. கையைப் பிடித்து நிறுத்தினேன். நடுரோட்டில் அவள் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

"போவாதன்னு சொல்ல மாட்டேன் மேரி. நீ போவணும். ஆனா எனக்குத் தாங்கல. நீ சொன்ன நாள்லேருந்து தாங்கல."

என்னைப் பார்த்தபடியே நின்றாள். கண் நிறைந்துவிட்டது. வாயில் வந்தது கேலி. "இத சொல்றதுக்கு ஒரு பொஸ்தகமே போட வேண்டியிருந்துச்சா?"

பிறகு சொன்னாள். இரண்டு வருடம் முடிந்ததும் இன்னும் மூன்று வருடம் தொடர்ந்து இருக்க முடியுமா என்று ஏஜெண்ட் கேட்டிருக்கிறான். மெட்ராஸ் போனபோது சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். "நீங்க ரசம் கேட்டீங்க. சரி, யாருக்காக ஓடி வரணும்னு நெனச்சேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "மாத்திச் சொல்லிடறேன். ரெண்டு வருசந்தான். ஆனா போறதுக்கு எனக்கு ஆசையா இருக்கு. அதையும் நான் உங்களாண்ட சொல்லலல்ல?"

இல்லை, சொல்லவில்லை.

அரை மணி நேரம் தாமதமாகப் போனாள். திட்டு வாங்கியிருப்பாள்.

26-6-85

குறிப்பை மாற்றி எழுதினேன். 'செல்லல்: போகாதே என்றும் துன்பம் என்றும் பொருள் தரும் சொல். அவள் இரண்டையும் சொல்லவில்லை.' அவ்வளவுதான்.

புரொபசரிடம் கொண்டுபோனேன். இந்தத் தடவை உட்கார்ந்தேன். இரண்டு முறை படித்தார். பேனாவை எடுத்ததும் சண்டைக்குத் தயாரானேன். தான் எழுதிய குலமகள் வாக்கியத்தைத் தானே அடித்தார். "நான் இத எடுத்துட்டேன். முன்னுரையில நீ பண்ணையார்களைத் திட்டியிருக்கியே, அதுல ஒரு பாரா எடு." மாட்டேன் என்றேன். "அரை பாரா?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். காப்பி வந்தது. குடித்தேன்.

பாரம் மிஷினுக்குப் போயிற்று. இரண்டு கல்யாணமும் இனி நடக்கும்.

9-7-85

மேரி ஏஜெண்டிடம் மாற்றிச் சொல்லிவிட்டாள். அவன் முகம் கோணிற்றாம்.

27-7-85

விசா.

4-8-85

ஞாயிறு. பூசை முடிந்து வந்து, இருவருமாகப் பெட்டி கட்டினோம். புத்தகம் இன்னும் பைண்டிங்கில் கிடக்கிறது. அட்டை வரவில்லை. அச்சான பாரங்களை மடித்து, நூல் கோத்து, கெங்கம்மாள் தாமே கொடுத்தனுப்பினார். அட்டையில்லாத புத்தகம். மேரி அதைப் புடவைகளுக்கு நடுவில் வைத்தாள். அங்கே போய் யாருடைய விலாவில் இடிப்பாய் என்று கேட்டேன். "ஹாஸ்டல்ல பக்கத்து பெட்டுக்காரி மலையாளியாம். அவளுக்கு இன்னா தெரியும்? நானே இடிச்சிக்கிறேன்" என்றாள். சிரித்துவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். அழுதது நன்றாக இருந்தது. இதை எழுத வெட்கமில்லை.

11-8-85

மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். இரண்டு தடவையும் நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

13-8-85

காலையில் குழாயடிக்குப் போனேன். தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. நல்ல கூட்டம். தெருவே கேட்கும்படி குப்பம்மாள் கேட்டார்:

"இன்னா தம்பி, பறந்துட்டாளா?"

சுருக்கென்று பதில் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விட்டுவிட்டேன்.

"ஆமாங்க. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த கேள்விக்கு என்று திறந்த வாயைக் குப்பம்மாள் மூடிக்கொண்டார். குழாயின் கீழே இருந்த தன் குடத்தை, பாதிகூட நிறையாத குடத்தை, நகர்த்தினார். என் கையிலிருந்த குடத்தை வாங்கி அந்த இடத்தில் வைத்தார்.

என் முறை வர இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை.