என் ஜன்னலை மறைத்த லாரி

ஜூன் 3

இன்று காலையிலிருந்து என் அறையில் வெளிச்சம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பச்சையாக ஒரு சுவர் எழும்பியிருக்கிறது. சுவர் அல்ல, லாரி. ராணுவம் வேண்டாமென்று ஏலத்தில் தள்ளிவிட்டதை அப்பா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"சண்டைக்கே உதவாதது நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்டேன்.

"பதினெட்டு வருஷமா எடைமேடையில உட்கார்ந்து மத்தவங்க லாரிய எடை போட்டாச்சு. இனிமே நம்ம லாரிய எவனாவது எடை போடட்டும்" என்றார். இந்த வசனத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவ்வளவு சுத்தமாக வந்தது.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே எடுத்து மறுபடியும் மடித்தாள்.

ஜூன் 4

அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள். இருபத்தெட்டாம் தேதி வண்டிக்குத் தகுதிப் பரிசோதனை. "அதுல தேறினா இருக்கட்டும். தேறலைன்னா பழைய இரும்புக்கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போகட்டும். நீங்களும் பேசாம எடைமேடைக்கே போய் உட்காருங்க."

அப்பா தலையாட்டினார்.

தேறாது. தேறவும் வேண்டாம். எனக்கு என் வெளிச்சம் வேண்டும்.

ஜூன் 6

மாமா வந்து இறங்கிவிட்டார். அம்மாவின் தம்பி. செல்போன் கடை வைத்திருக்கிறார். ஆகவே உலகத்தில் ஓடுவது, பறப்பது, மிதப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி.

முதலில் செய்ய வேண்டிய மேம்பாடுகள் என்று ஒரு பட்டியல் போட்டார். பாட்டுப் பெட்டி. மூன்று குரல் ஹாரன். சீட்டுக்குப் புலித்தோல் மாதிரி உறை. முன்கண்ணாடியைச் சுற்றிக் கலர் விளக்கு. என்ஜின் ஆயில் எந்தக் காலத்தில் மாற்றியது, டயருக்கு என்ன வயது, பிரேக் பிடிக்குமா - இதெல்லாம் பட்டியலில் இல்லை. பல் தேய்க்காதவனுக்கு அத்தர் பூசுகிறார்கள்.

"முதல்ல வண்டி பார்க்க லட்சணமா இருக்கணும் அத்தான். மத்ததெல்லாம் தானா வரும்."

எங்கிருந்து வரும்?

ஜூன் 7

சீட்டுக்கு அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. லாரியின் பராமரிப்புக் கையேடு. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். மாமா அதைத் திறந்துகூடப் பார்க்காமல் என்னிடம் வீசினார். "ஏய் நூலகம்! இந்தா, உனக்குத் தீனி."

சோப்பு உறையையே இரண்டு முறை படிப்பவள் நான். எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 9

படித்து முடித்தேன். வழக்கம்போல் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டேன், பென்சிலால். (புத்தகத்தில் பேனாவால் எழுதுகிறவர்களை நான் மனிதரில் சேர்ப்பதில்லை.)

நல்ல எழுத்து. சுற்றி வளைப்பதில்லை. பக்கம் 9: இரண்டு பேட்டரி சேர்ந்து இருபத்துநான்கு வோல்ட், கார்ச் சாமான் எதையும் மாட்டக்கூடாது. பக்கம் 41: இடது பக்கச் சக்கரங்களின் நட்டு எதிர்த் திசையில் கழலும். பக்கம் 88: இந்த லாரியின் பிரேக் ஆயில் ஊதா நிறம், வேறு எந்த ஆயிலையும் அதில் கலக்கக்கூடாது, கலந்தால் சொல்லாமல் கொள்ளாமல் பிரேக் போய்விடும்.

அப்பாவிடம் சொல்லப் போனேன். "அப்பா, இந்தப் புத்தகத்துல..." என்பதற்குள் மாமா புகுந்தார். "புத்தகத்தைப் படிச்சு எவளாவது நீச்சல் கத்துக்கிட்டாளா?"

அப்பா சிரித்தார்.

மாமா சிரித்தால் எனக்கொன்றுமில்லை. அப்பாவும் சிரித்தார். சரி. சிரிக்கட்டும். இனி இவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

ஜூன் 10

பாட்டுப் பெட்டி மாட்டினார்கள். ஒரு வரிகூடப் பாடவில்லை, நேராகப் புகைந்தது. பக்கம் 9.

ஜூன் 14

இன்று சக்கரங்களைக் கழற்றும் திருநாள். வலது பக்கம் ஒழுங்காகக் கழன்றது. இடது பக்கத்தில் நட்டு அசையவில்லை. மாமா ஸ்பானரில் நீளக் குழாய் ஒன்றைச் செருகி அதன்மேல் ஏறி நின்று குதித்தார். "துரு ஏறியிருக்கு அத்தான், நீங்களும் வாங்க!" இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே குழாயில் காக்கைகள் மாதிரி உட்கார்ந்து ஆடினார்கள். கழற்றுவதாக நினைத்து முறுக்கிக்கொண்டே இருந்தார்கள். லாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் 41, பக்கம் 41 என்று உள்ளுக்குள் பாடாத குறை.

படாரென்று போல்ட் முறிந்தது. இன்னொரு நட்டில் ஸ்பானரை மாட்டி மறுபடி ஆடினார்கள். அதுவும் முறிந்தது. இந்தத் தடவை குழாய் நழுவி, அப்பாவின் வலது கை மட்கார்டில் போய் மோதியது. விரல் முட்டி நான்கிலும் தோல் இல்லை.

முதல் போல்ட்டுக்கு நான் சிரித்தேன். இரண்டாவதற்குச் சிரிக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூன் 15

அப்பா இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். நான் என் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 19

பட்டறைக்காரர் வந்து புது போல்ட் போட்டார். "இடது பக்கம் எதிர்த்திருகுன்னு தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டார். மாமா தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இன்று முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்தவர் மாதிரி.

ஜூன் 21

சாயங்காலம் மாமா பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்தது ஊதா. நான் பார்த்தேன். கடையில் வாங்கிய மஞ்சள் ஆயிலை அதன் தலையில் ஊற்றினார். "கொஞ்சம் குறைஞ்சிருந்தது அத்தான். இப்ப நிறைஞ்சிடுச்சு."

நாளைக்குக் காலையில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றாம். தண்ணீர்த் தொட்டி மேட்டிலிருந்து பெரிய சாலைவரை. சரிவு. நேராகச் சரிவு. தங்கச்சி இப்போதே தன் பொம்மைக்குச் சட்டை மாட்டிவிட்டாள்.

சொல்லாமல் இருந்தால் வண்டி பரிசோதனையில் தேறாது. எனக்கு வெளிச்சம் வந்துவிடும். ஆனால் பரிசோதனை இருபத்தெட்டு. சரிவு நாளைக்கு -

சொன்னா மட்டும் கேக்கப் போறாங்களா? மறுபடி சிரிப்பாங்க. சிரிச்சா சிரிக்கட்டுமே! உனக்கு என்ன குறைஞ்சு போச்சு? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. அந்தக் கை -

ஜூன் 22

லாரிக்கு முன்னால் போய் நின்றேன். அப்பா டிரைவர் சீட்டில். அம்மாவும் தங்கச்சியும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"தள்ளு நூலகம், லேட்டாகுது" என்றார் மாமா.

"பக்கம் எண்பத்தெட்டு. நேத்து நீங்க ஊத்தினது தப்பான ஆயில். பிரேக் போயிடும்."

"இவ ஒருத்தி! வண்டி கிளம்பும்போது அபசகுனமா..."

"இருடா" என்றார் அப்பா. வண்டியை நகர்த்தாமலே பிரேக்கை மிதித்தார். இன்னொரு தடவை. மூன்றாவது மிதியில் பெடல் தடையே இல்லாமல் அடிவரை போனது, பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி. என்ஜினை அணைத்தார்.

அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மாமாவை ஒரு பார்வை பார்த்தாள். மாமாவுக்குத் திடீரென்று கடை ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா புத்தகத்தை வாங்கினார். எண்பத்தெட்டை விரல் வைத்துப் படித்தார்.

"நட்டு விஷயமும் இதுல இருக்கா?"

"நாற்பத்தொன்று."

அதையும் படித்தார். பிறகு பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் கடைசிக்கு வந்தார். என் பென்சில் எழுத்து அங்கே இருந்தது. படித்து முடித்தது, ஜூன் 9. அப்பா தேதியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். கட்டுக்கு அடியில் புண் இன்னும் ஆறவில்லை.

"ஒன்பதாம் தேதியேவா?"

"நீங்க சிரிச்சீங்க."

"ஆமா" என்றார். "சிரிச்சேன்."

திட்டியிருக்கலாம். ஓர் அறை விட்டிருக்கலாம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு வாரமாக இவர்களையெல்லாம் முட்டாள் என்று எழுதிக்கொண்டு வருகிறேன். தெரியாமல் செய்தவர்கள் முட்டாள்கள். தெரிந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என்ன பெயர்?

ஜூன் 23

புத்தகம் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 25

அப்பா வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். பழைய ஆயில் சொட்டு விடாமல் வடிய வேண்டும், ரப்பர்களை மாற்ற வேண்டும், புது ஊதாவை ஊற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

"மிதி."

மிதித்தேன்.

"பிடி... பிடிச்சுக்கோ... விடு."

நாள் முழுக்க இந்த நான்கு வார்த்தைதான் பேசினார். மாமா டப்பாவை ஏந்திக்கொண்டு நின்றார். "ஆயில மாத்தணும்னு நான் அன்னைக்கே சொன்னேனே." இவருக்காகவும் ஒரு கையேடு எழுத வேண்டும். முதல் பக்கத்தில் ஒரே வரி: வாயைத் திறக்கக்கூடாது.

கடைசி மிதியில் பெடல் கல் மாதிரி நின்றது. "ம்" என்றார் அப்பா, அடியிலிருந்து.

ஜூன் 28

தேறிவிட்டது. பரிசோதகர் சரிவுமேடையில் நிறுத்தச் சொன்னார், நின்றது. முத்திரையைக் கொசு அடிப்பது போல் அடித்துக் கொடுத்தார். அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஜன்னல மறைக்காம நிறுத்துங்க." வேறு இடம் இல்லை. மறைத்துக்கொண்டுதான் நிற்கிறது.

அறையில் இருட்டு. ஆகவே இதை லாரிக்குள் புலித்தோலில் உட்கார்ந்து எழுதுகிறேன். (அருவருப்பான உறை.) வெயில் இங்கே கடைசிவரை இருக்கிறது.

சீட்டுக்கு அடியில் கை விட்டேன். எண்ணெய்த் துணி, புத்தகம். கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். என் பென்சில் வரிக்குக் கீழே, அப்பா எடைச் சீட்டு எழுதும் அதே சாய்ந்த எழுத்தில் இன்னொரு வரி:

படித்து முடித்தது, ஜூன் 24.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்று நாளில், கையில் கட்டோடு. பேனாவால் எழுதியிருக்கிறார்.

அழிக்க முடியாது.